சொல்லின் மயக்கமும் அதன் விளைவும்

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்புறத்தில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்னும் ஆங்கில எச்சரிக்கை எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். மிக எளிதில் தீப்பற்றக்கூடியது என்பது இதன் பொருள். ஆயினும் ஆங்கிலம் ஓரளவு கற்ற ஒருவர் இதற்கு நேர்மாறாகப் பொருள் கொள்ளவும் இடமுண்டு. ‘ஆக்டிவ்’ என்றால் இயங்குவது, ‘இனாக்டிவ்’ என்றால் இயங்காதது. ‘விசிபிள்’ கண்ணுக்குத் தெரிவது, ‘இன்விசிபிள்’ தெரியாதது. அம்முறைப்படி நோக்கினால் ‘இன்ஃப்ளேமபிள்’ என்பது தீப்பற்றாததாக அன்றோ இருத்தல் வேண்டும்? இவ்வாறு எண்ணும் மாணவனைக் குறை கூறுவதற்கில்லை; தான் கற்ற விதியையே அவன் கையாளுகிறான். இச்சொல்லோ தீமூட்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையினின்றும் பிறந்தது. இதன் முன்னொட்டு இன்மையைக் குறிப்பதன்று.

ஆதலின் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே முன்னொட்டை நீக்கி, ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுமாறு வற்புறுத்தியது. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் 1959-இல் இக்கொள்கையை மேற்கொண்டது. பழைய சொல்லில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. படிப்போர் அதனைத் தவறாகக் கொள்ளக்கூடும் என்பதே அதைக் கைவிடுவதற்குப் போதிய காரணமாயிற்று.

மயக்கம் அருஞ்சொற்களில் மட்டும் இருப்பதன்று. குழந்தையும் அறிந்த சொல்லிலும் அது மறைந்திருக்கக்கூடும். தீக்காப்பீட்டு நிறுவனமொன்றில் பொறியியலாளராகப் பணியாற்றிய மொழியறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப், தம் தொழிலில் கண்ட ஒன்றை எடுத்துக் காட்டியுள்ளார். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகில் தொழிலாளர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருந்தனர். ‘எம்ப்டி’, அதாவது காலி எனப்பட்ட பீப்பாய்களின் அருகிலோ அவர்கள் கவலையின்றிப் புகைபிடித்தனர். திரவம் இல்லை என்பது மெய்யே. ஆயின் அதன் ஆவி பீப்பாயினுள் நிறைந்திருந்தது. காற்றுடன் கலந்த அந்த ஆவி திரவத்தைவிட அபாயகரமானது. ஒன்றுமில்லாதது, எனவே தீங்கற்றது என்ற கருத்தை அச்சொல் அவர்கள் மனத்தில் தோற்றுவித்துவிட்டது.

‘பைவீக்லி’ என்ற சொல்லுக்கு வாரத்துக்கு இருமுறை என்றும், இருவாரத்துக்கு ஒருமுறை என்றும் அகராதிகளே பொருள் தருகின்றன. மருந்து தெளிப்பதற்கான குறிப்பில் இச்சொல் வந்தால் பயிரின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, உயிர்கள் பல மாண்ட நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், ஸ்பெயினுக்கு உரிய டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானமொன்று ஓடுபாதையின் முனையில் நின்றது. அதே பாதையில், பான் அமெரிக்கன் நிறுவனத்தின் மற்றொரு 747 எதிர்முகமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கு இரண்டுமே கண்ணுக்குத் தெரியவில்லை. ரேடியோவில் கேட்ட சொற்களே அவருக்குத் துணை. எழும்பிய பின் செல்லவேண்டிய வழியைப் பற்றிய அனுமதி மட்டுமே கே.எல்.எம். விமானத்துக்கு வழங்கப்பட்டிருந்தது. அதிலும் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இடம்பெற்றிருந்தது. துணை விமானி அதனைத் திருப்பிச் சொல்லி, ‘நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடருடன் முடித்தார். எழும்புவதற்கு உரிய இடத்தில் காத்திருக்கிறோம் என்பது கோபுரத்தில் இருந்தவர் கொண்ட பொருள். விமானமோ ஓடத் தொடங்கிவிட்டிருந்தது! அவர் ‘ஓ.கே.’ என்று கூறி, தாம் அழைக்கும்வரை காத்திருக்குமாறு தொடர்ந்தார். அவ்வேளையில் பான் அமெரிக்கன் விமானியும் பேசியதால் ஒலிகள் மோதின, ‘ஓ.கே.’ மட்டுமே தெளிவாகக் கேட்டது. இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் மாண்டனர்.

விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் அதன் பின் மொழியும் திருத்தப்பட்டது. எழும்ப அனுமதி அளிக்கும்போதும் அதனை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே ‘டேக்-ஆஃப்’ என்று சொல்லலாம். ஏனைய இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே கூறவேண்டும். முக்கியக் கட்டளைகளை ‘ஓ.கே.’ என்று ஏற்றுக்கொள்வது போதாது. அவற்றைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

சொல்லின் எல்லையை அளவால் வரையறுத்துவிடுவது மற்றொரு வழி. இந்திய வானிலைத் துறை இதனைக் கைக்கொள்கிறது. அதன் ஆங்கில அறிவிப்பில் வரும் ‘ஐசொலேட்டட்’ என்பதை, ஒதுக்குப்புறமான ஊர்கள் என்று ஒருவர் கருதக்கூடும். அப்பொருள் அதற்கு இல்லை. ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவிகிதம்வரை மழை பெய்வதையே அது குறிக்கும். தமிழில் இது ‘ஓரிரு இடங்களில்’ எனப்படுகிறது. எண்ணி ஒன்றிரண்டு ஊர்கள் என்று கொள்ளலாகாது. ‘சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50, ‘பல இடங்களில்’ என்றால் 51 முதல் 75, ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் 76 சதவிகிதத்துக்கு மேல். ‘கனமழை’ என்பதும் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர்வரை பெய்யும் மழைக்கே உரிய பெயர். இவ்வறிவிப்பைக் கிராமக் கரும்பலகையில் எழுதும் ஊழியர், ‘சில இடங்களில்’ என்பதை ஓசை நயம் கருதி ‘ஆங்காங்கே’ என மாற்றினால் அளவு மறைந்துபோகும். சொல்லை அவ்வாறே எழுதி, பக்கத்தில் சதவிகிதத்தையும் குறித்துவிடலாம். அதற்குச் சில எழுத்துகளே அதிகம் தேவைப்படும்.