வரப்பில் ஒன்று, கதிரில் ஒன்று

பாபநாசத்தைக் கடந்து சமவெளிக்கு வரும் தாமிரபரணி, வாய்க்கால்களாகப் பிரிந்து வயல்களுக்குள் நுழையத் தொடங்கும் விக்கிரமசிங்கபுரத்துப் பக்கத்தில், தை மாதம் பிசான நெல் பால் பிடிக்கும் சமயத்தில், ஒரே வயலில் பங்கு கேட்டு இரண்டு சிறு ஜீவன்கள் வந்து சேருகின்றன. பகலில் வருவது புள்ளிச் சில்லை. இரவில் வருவது வயல் சுண்டெலி. எலியின் எடை சுமார் 10 கிராம். குருவி அதைவிட இரண்டு மூன்று கிராம் கூடுதல்.

சில்லை, தாளைக் கால்களால் பற்றித் தொங்கியபடியே ஒரு மணியைக் கொத்தி, தடித்த அலகுக்குள் இரண்டு முறை புரட்டி, உமியை மட்டும் உதிர்த்துவிடும். பல் இல்லாத குறையை, விழுங்கிய மணலின் துணைகொண்டு அரைக்கும் இரைப்பை தீர்த்துவைக்கிறது. எலியோ, மணியை முன்னங்கால்கள் இரண்டிலும் ஏந்தி, ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் வெட்டுப் பற்களால் உரித்துத் தின்னும். கொறிக்காவிட்டால் அப்பற்களே அதற்கு யமன்.

இரண்டும் உஷ்ண ரத்தப் பிராணிகளே. ஆயினும், பறவையின் சுவாசப்பையினூடே காற்று ஒரே திசையில் ஓடும்படி காற்றுப்பைகள் அமைந்திருப்பதால், மூச்சை விடும்போதும் அதற்குப் பிராணவாயு கிடைக்கிறது. எலிக்கோ, நமக்குப் போலவே, போன வழியே காற்று திரும்ப வேண்டும். பறத்தல் என்னும் செலவுமிக்க தொழிலைச் செய்தும், கூண்டில் பேணப்படும் சில்லை ஏழெட்டு ஆண்டுகள் வாழக்கூடும். சுண்டெலி மூன்றாண்டைத் தாண்டுவது அபூர்வம். அந்த நஷ்டத்தைச் சந்ததியால் ஈடுகட்டுவதுபோல, வரப்பு வளைக்குள் மூன்று வாரக் கர்ப்பத்தில் ஆறு, ஏழு குட்டிகளை ஈன்று, அவையும் இரண்டு மூன்று மாதங்களில் குட்டி போடும்படி எலி வம்சத்தைப் பெருக்குகிறது. சில்லைத் தம்பதியோ, புல்லால் முடைந்த உருண்டைக் கூட்டில், நான்கைந்து முட்டைகளை மாறிமாறி இரு வாரங்கள் அடைகாக்கின்றன.

சங்கீதத்தில் குருவியே ஜயித்துவிடும் என்று நினைப்போம். ஆனால், பாடும் பறவைக் குலத்தில் பிறந்த இந்தச் சில்லையின் பாட்டு, பக்கத்தில் நின்றாலும் காதில் விழுவது அரிது. தொண்டை அசைவதைக் கண்டே ஊகிக்க வேண்டும். எலியினத்திலும் பாட்டு உண்டு: வீட்டுச் சுண்டெலியின் ஆண், பெண்ணைக் கண்டதும், நம் செவிக்கு எட்டாத மீயொலியில், விட்டுவிட்டு வரும் ஸ்வரங்களை எழுப்புகிறது என்று 2005-இல் ஒலிப்பதிவு செய்து காட்டினார்கள்.

விவசாயியின் கணக்கில் எலிதான் பெரிய திருடன். குருவியைப் பளபளக்கும் நாடாவே விரட்டிவிடும். எலிக்கு விஷம் வைக்குமுன், கூகை வந்து அமர ஆங்கில 'T' வடிவக் கம்புகளை வயலில் நட்டுப் பாருங்கள். கூலி கேளாத காவல்காரன் அது.