வண்ணக் குண்டும் கண்ணும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அலுவலக நண்பர்களுடன் பெயிண்ட்பால் விளையாடச் சென்ற இளைஞர் ஒருவர், வலக்கண்ணைக் கைக்குட்டையால் மூடியபடி எங்கள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். "வெறும் பெயிண்ட்தானே டாக்டர், கழுவினால் போய்விடாதா?" என்று கேட்டார் அவருடைய தாயார். வண்ணம் நீரிலேயே கரைந்து போயிற்று. ஆனால் கருவிழிக்குப் பின்னால் பாதியளவுக்கு இரத்தம் தேங்கியிருந்தது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் கையசைவும் மட்டுமே தெரிந்தன. முகமூடியின் கண்ணாடியில் ஆவி படிந்ததால், துடைப்பதற்காக அதைச் சில நொடிகள் நெற்றிக்கு மேல் ஏற்றியதாகச் சொன்னார். அவருடைய ஒப்புதலுடனேயே இதை எழுதுகிறேன்.

இவ்விளையாட்டில் பயன்படும் துப்பாக்கிக்கு 'மார்க்கர்' என்று பெயர். அதாவது, அடையாளமிடும் கருவி. வெட்ட வேண்டிய மரங்களிலும் பிரிக்க வேண்டிய மாடுகளிலும் தொலைவிலிருந்தே வண்ணக் குறியிடுவதற்காக அமெரிக்காவில் இது உருவாக்கப்பட்டது. 1981 ஜூன் மாதம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் காடு ஒன்றில் பன்னிரண்டு பேர் இதைக் கொண்டு முதன்முதலாக விளையாடினர். மாட்டின் தோலுக்காகச் செய்யப்பட்ட கருவி என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

மார்க்கரின் மேல் அமர்ந்திருக்கும் குண்டுக் கலம் 'ஹாப்பர்' எனப்படும். பின்புறமோ அடியிலோ பொருத்தப்படும் உருளையில் கரியமில வாயுவோ அழுத்தப்பட்ட காற்றோ இருக்கும். குண்டின் மேலோடு, நாம் விழுங்கும் மென்மாத்திரைகளைப் போல ஜெலட்டினால் ஆனது. உள்ளே இருப்பது நீரில் கரையும் நச்சற்ற வண்ணக் கலவை. ஆகவே தாயார் கேட்டதில் பாதி உண்மை இருந்தது. தீங்கு வண்ணத்தில் இல்லை. அது வந்து மோதும் வேகத்திலும் குண்டின் அளவிலும் இருக்கிறது.

வழக்கமான குண்டின் குறுக்களவு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். எடை 3 கிராம். நொடிக்கு 300 அடி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட உச்ச வேகம். மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். வேகப்பந்து வீச்சாளர் எறியும் கிரிக்கெட் பந்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கிரிக்கெட் பந்தின் குறுக்களவு 7 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அது முகத்தில் பட்டால், புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். கண்குழியின் வாயோ சுமார் 4 சென்டிமீட்டர் அகலமே உடையது. வண்ணக் குண்டு அந்த எலும்பு வளையத்துக்குள் தடையின்றி நுழைந்து, நேராக விழிக்கோளத்தின் மீதே மோதுகிறது. சிறுவர்களுக்கான மென்தாக்கக் குண்டுகள் எடையிலும் விசையிலும் குறைந்தவை என்பது உண்மை. ஆனால் அவை அளவிலும் சிறியவை ஆதலால், முகமூடி இன்றி விளையாட அவையும் ஏற்றவை அல்ல.

மோதிய கணத்தில் விழிக்கோளம் முன்பின்னாக நசுங்கிப் பக்கவாட்டில் விரிகிறது. அப்போது ஐரிஸின் வேர்ப்பகுதி கிழிந்து இரத்தம் கசியலாம், லென்ஸ் இடம்பெயரலாம், விழித்திரை கிழியலாம், கண்ணின் சுவரே பிளந்துபோவதும் உண்டு.

களத்தில் வேகத்தை அளக்கும் கருவிக்குக் 'குரோனோகிராஃப்' என்று பெயர். காலையில் ஒருமுறை அளந்துவிட்டோம் என்று சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். கரியமில வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு கூடும்; காலையில் வரம்புக்குள் இருந்த மார்க்கர் நண்பகல் வெயிலில் வரம்பைத் தாண்டக்கூடும். மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

முகமூடி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசமோ, குளிர்கண்ணாடியோ, பட்டறைக் கண்ணாடியோ இதற்கு மாற்றாகா. இவ்விளையாட்டுக்கென்றே சோதிக்கப்பட்ட, காதையும் தாடையையும் மூடும் முகமூடியே வேண்டும். பார்வைக்கண்ணாடி அணிபவர்கள் அதன்மேல் பொருந்தும் அகலமான முகமூடியைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிப் பகுதியில் கீறலோ விரிசலோ தெரிந்தால் அதை வாங்க மறுத்துவிடுங்கள். இரண்டு அடுக்குள்ள 'தெர்மல் லென்ஸ்' எளிதில் ஆவி படியாது. நம்முடைய வெப்பத்திலும் வியர்வையிலும் இது ஆடம்பரமன்று. ஏனெனில் ஆவி படிந்த கண்ணாடிதான் முகமூடியைத் தூக்கவைக்கிறது. ஆவி படிந்துவிட்டால் கையை உயர்த்தி நடுவரை அழைத்து, அவர் துணையுடன் களத்தைவிட்டு வெளியேறிய பின்னரே கழற்ற வேண்டும்.

ஓய்வுப் பகுதிக்கு வருவோர் மார்க்கரின் குழல்வாயில் துணியுறை மாட்டியிருக்க வேண்டும். விளையாடாத தம்பி தங்கையர் நிற்கும் இடம் அதுதான். தவறுதலாக விசை அழுந்தினாலும் அந்த உறை குண்டைத் தடுத்து நிறுத்தும்.

எவ்வளவு கவனமாக இருந்தும் கண்ணில் அடிபட்டுவிட்டால், தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். கண்ணின் சுவர் கிழிந்திருக்கக்கூடும் என்பதால் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும், வீட்டிலுள்ள சொட்டுமருந்தை ஊற்றுவதும் கூடாது. காகிதக் குவளையின் அடிப்பாகத்தை வெட்டி, விளிம்பு எலும்பின்மேல் அமரும்படி கண்ணைத் தொடாமல் மூடுங்கள். தலையை உயர்த்தியே வைத்திருந்து, கண் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு உடனே வாருங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவு வேண்டாம். இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் வேண்டாம். பார்வை தெளிவாக இருக்கிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இரத்தம் மீண்டும் கசிவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான். மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகளோ, மிதக்கும் கரும்புள்ளிகளோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழலோ தோன்றினால், அடிபட்டுச் சில வாரங்கள் கடந்திருந்தாலும் அன்றே வந்து காட்டுங்கள்.

அந்த இளைஞருக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் இரத்தம் வடிந்து, பார்வையும் பெருமளவு திரும்பிவிட்டது. ஆனால் கண்ணினுள் ஊறும் நீர் வெளியேறும் கோணப்பகுதி சிதைந்திருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அத்தகைய கண்ணில், பல ஆண்டுகள் கழித்தும் வலியே இல்லாமல் கண் நீர் அழுத்த நோய் தோன்றக்கூடும். "எத்தனை வருடம் வர வேண்டும், டாக்டர்?" என்று கேட்டார். ஆண்டுக்கொரு முறை, வாழ்நாள் முழுவதும் என்றேன். அடுத்த ஆண்டுக்கான தேதியைத் தாயார் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.