ஒரே தியேட்டர், ஒரே வேலை. சம்பளம் மட்டும் நாலு விதம்!

பிச்சாட்டூரில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு இரண்டு திசைகள் உண்டு. ஒரு பக்கம் நாராயணவனம், புத்தூர் வழியாகத் திருப்பதி. மறுபக்கம் நாகலாபுரம், சுருட்டப்பள்ளி தாண்டி ஊத்துக்கோட்டை, அங்கிருந்து சென்னை. இன்டர்மீடியட்டில் பை.பி.சி. எடுத்துப் படித்த பிள்ளை உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒவ்வொரு கோடையிலும் ஒரே யோசனைதான். பிள்ளையை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவது?

டாக்டர் படிப்புக்கு மார்க் போதாது. மார்க் போதினாலும் பணம் போதாது. அப்போது யாராவது ஒருவர் வந்து, "ஆப்பரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் என்று ஒரு படிப்பு இருக்கிறது. முடித்ததும் வேலை. வெளிநாடுகூடப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அரிசி மில்லில் கணக்கு எழுதும் தகப்பனாருக்கு மற்றதெல்லாம் காதில் விழாது. "சம்பளம் என்ன வரும்?" என்பார்.

நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. ஒரே தியேட்டரில், ஒரே மேஜையைச் சுற்றி, ஒரே வேலையைச் செய்யும் நால்வர் மாதக் கடைசியில் நாலு விதமான தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது நம் நாட்டில் சர்வ சாதாரணம்.

கத்தி எடுத்துக் கொடுப்பவர் மட்டுமா?

டெக்னீஷியன் என்றால் டாக்டர் கை நீட்டியதும் கத்தியை எடுத்துக் கொடுப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். நோயாளி உள்ளே வருவதற்கு வெகு நேரம் முன்பே அவர் வேலை தொடங்கிவிடுகிறது. கருவிகளை ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி சூட்டில் வைத்துக் கிருமி நீக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் பாயில்ஸ் மெஷினில் வாயு சரியாக வருகிறதா, உறிஞ்சு குழாய் இழுக்கிறதா, கரண்டில் ரத்தக் குழாயைச் சுடும் காட்டரி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளியை மேஜையில் சரியான நிலையில் படுக்க வைக்க வேண்டும். கை சற்றுத் தவறாக மடங்கினால் நரம்பு நசுங்கும்.

வயிற்றை மூடுவதற்கு முன் உள்ளே போன துணியும் பஞ்சும் எண்ணிக்கையில் சரியாக வெளியே வந்தாகவேண்டும். பத்து போனால் பத்து வரவேண்டும். ஒன்பது வந்தால் டாக்டர் எத்தனை பெரியவரானாலும் காத்திருக்க வேண்டியதுதான். நள்ளிரவில் சிசேரியன் கேஸ் வந்தால் முதலில் எழுப்பப்படுபவர்களில் டெக்னீஷியனும் ஒருவர். ஊசி குத்தும் ஆபத்து வேறு எப்போதும் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணை போட்டுக்கொள்ளாமல் இந்த வேலைக்குள் நுழையவே கூடாது.

இவ்வளவு பொறுப்புக்கு என்ன கூலி?

கணக்கைப் பார்ப்போம்

மத்திய அரசு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. 2016 முதல் அமலான ஏழாவது சம்பளக் கமிஷன் படி, பதவியின் பெயரையும் கேட்கும் தகுதியையும் பொறுத்து, இருபதாயிரத்தை ஒட்டிய அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும் பதவிகளும் உண்டு. 35,400-ல் தொடங்குபவையும் உண்டு.

தமிழ்நாட்டு அரசில் தியேட்டர் அசிஸ்டென்ட் பதவிக்கு அடிப்படை 16,600. இதோடு ஆந்திரத்தின் கதையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2022-ல் ஆந்திர அரசு அவுட்சோர்சிங் ஊழியர்களை மூன்று வகையாகப் பிரித்து, மாத ஊதியத்தை 21,500, 18,500, 15,000 என்று உயர்த்தியது. தியேட்டர் அசிஸ்டென்ட் வேலைக்கான விளம்பரங்களில் பெரும்பாலும் காணப்பட்டது அந்த 15,000-தான்.

பதினாறாயிரத்து அறுநூறுக்கும் பதினைந்தாயிரத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கணக்கு எழுதுகிறவர்கள் இங்கே ஏமாற மாட்டார்கள். நிரந்தர ஊழியரின் அடிப்படைக்கு மேல் அகவிலைப்படி உண்டு. 2024 ஜனவரிக் கணக்கில் அது 50 சதவீதத்தைத் தொட்டது. அப்படியானால் 16,600-உடன் 8,300 சேர்ந்து 24,900. அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி, ஆண்டுக்கு 3 சதவீத இன்கிரிமென்ட். அவுட்சோர்சிங்காருக்கு 15,000 என்றால் 15,000-தான். அடுத்த அரசாணை வரும்வரை அது நகராது.

தனியார் ஆஸ்பத்திரிகளில் விலைவாசி மாதிரி, இடத்துக்கு இடம் மாறும். சிறிய நர்சிங் ஹோமில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று தொடங்குவது அபூர்வமில்லை. பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகைக்கும் 12 சதவீத பி.எப். பிடித்தால் 1,440 போகும். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90 ரூபாய். கையில் வருவது 10,470. பஸ் சார்ஜ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இதற்குள். பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுப் பன்னிரண்டாயிரத்தையும் கவரில் போட்டுக் கொடுக்கும் இடமும் உண்டு. அங்கே சேர்ந்தவர் மகிழ வேண்டியதில்லை. ஊசி குத்தி வியாதி வந்தால் கேட்பாரில்லை என்று அர்த்தம்.

பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில் கதை மாறும். லேப்பராஸ்கோப்பி, எலும்பு மாற்று, இருதயம் என்று ஒரு துறையில் கை தேர்ந்தவரை விட மனமில்லாமல் சம்பளத்தைக் கூட்டுவார்கள். செயற்கை மூட்டு விற்கும் கம்பெனிகள்கூட இப்படிப்பட்டவர்களைத் தேடுகின்றன. இருதய ஆப்பரேஷனின்போது இருதய, நுரையீரல் வேலையைச் செய்யும் இயந்திரத்தை இயக்கும் பெர்பியூஷனிஸ்ட் இன்னும் ஒரு படி மேல். ஆனால் அது தனிப் படிப்பு.

கூட்டுகிறவர் கணக்கில் சேர்த்த மேதை

வேலை ஒன்று, சம்பளப் பட்டியலில் பெயர் வேறொன்று என்பது நம் ஊர்ப் புதுமை அல்ல. அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் டாக்டராக ஆசைப்பட்டுப் பணம் சேர்த்தார். ஆல்பிரட் பிளேலாக் என்ற சர்ஜனின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1930-ல் வாரம் 12 டாலருக்குச் சேர்ந்தார். அந்த ஆண்டே பாங்கு மூழ்கியது, சேமிப்பும் போயிற்று. நாய்களுக்கு ஆப்பரேஷன் செய்து பழகினார். சம்பளப் பட்டியலில் அவருக்குக் கொடுத்த பெயர், கூட்டிப் பெருக்குகிறவர்.

1944 நவம்பர் 29-ஆம் தேதி பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், உடல் நீலம் பாரித்த ஒரு பெண் குழந்தைக்கு இருதய ரத்தக் குழாய் ஆப்பரேஷன் நடந்தது. கத்தி பிளேலாக்கின் கையில். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் நின்று, எப்படித் தைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தாமஸ். அந்த முறையை நாய்களிடம் பலமுறை செய்து பார்த்திருந்தவர் அவர்தான். உலகம் முழுவதும் சர்ஜனின் பெயர் பரவியது. தாமஸோ குடும்பச் செலவுக்குப் போதாமல், அதே சர்ஜன் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையும் பார்த்தார். வேலையை விட்டுப் போய்விடுவேன் என்ற பிறகுதான் 1946-ல் சம்பளம் கணிசமாக உயர்ந்தது. கௌரவ டாக்டர் பட்டம் வந்தது 1976-ல். அவர் மறைந்தது 1985-ல்.

அதே அமெரிக்காவில் இன்று தியேட்டர் டெக்னீஷியனின் ஆண்டு வருமானம் நடுத்தரமாக 60,000 டாலர் அளவில் இருக்கிறது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற படிப்பும், சான்றிதழ்த் தேர்வும் வந்துவிட்டன.

நர்சுக்கு உண்டு, டெக்னீஷியனுக்கு இல்லை

நம் நாட்டில் நர்சுகளுக்கு 1947-லேயே கவுன்சில் சட்டம் வந்துவிட்டது. ரிஜிஸ்தரில் பெயர் உண்டு, சங்கம் உண்டு. தனியார் ஆஸ்பத்திரிச் சம்பளம் பற்றி அவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016-ல் கோர்ட் சொன்னபடி அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு எத்தனை இடங்களில் நடைமுறைக்கு வந்தது என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஒரு தொகையாவது கிடைத்தது. அதே தியேட்டரில் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியனுக்கு அந்தத் தொகையும் இல்லை. நாடு தழுவிய ரிஜிஸ்தர் எதுவும் அப்போது அவருக்கு இல்லை.

அதே 2016 அக்டோபரில், பஞ்சாப் அரசு வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்பும் சொன்னது. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக அரசு ஊழியருக்கு, அந்தப் பதவியின் ஆரம்பச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஆனால் கோர்ட்டுக்குப் போகிறவர் "அதே வேலை, அதே பொறுப்பு" என்று நிரூபிக்க வேண்டும். பதவிப் பெயரை 'ஹெல்பர்' என்று எழுதி ஆர்டர் கொடுத்துவிட்டால் நிரூபிப்பது எளிதா?

2021-ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆப்பரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டெக்னாலஜிஸ்டுகள் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு தேசியக் கமிஷன், மாநிலக் கவுன்சில், ரிஜிஸ்தர் எல்லாம் அதில் உண்டு. மாநிலங்கள் சுணங்கியதால் 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் கெடு வைத்து விரட்டவேண்டி வந்தது. இந்தச் சட்டம் கேட்பது இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில், குறைந்தது 2,000 மணி நேரம் படித்த டிப்ளமோ அல்லது பட்டம். ஆறு மாதப் படிப்பை விற்கும் இன்ஸ்டிட்யூட்டுகளின் போர்டில் இதைப் பார்க்க முடியாது. "நூறு சதவீத வேலை" என்று எழுதப் பெயின்டருக்குக் கூலி ஒன்றும் அதிகமில்லை!

தண்ணீர் போகும், சர்டிபிகேட் போகாது

ஆரணியாறு நிரம்பிப் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஊத்துக்கோட்டையில் வெள்ள எச்சரிக்கை கொடுக்கிறார்கள். தண்ணீருக்கு எல்லை தெரியாது. சர்டிபிகேட்டுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி இடத்துக்கு நேட்டிவிட்டி கேட்பார்கள். அரசு வேலைக்குத் தமிழ்த் தேர்வில் தேற வேண்டும். நம் பிள்ளைகள் தமிழில் தேறிவிடலாம். ஆனால் ஆந்திரத்தில் வாங்கிய ஜாதிச் சான்றிதழுக்கு அங்கே இட ஒதுக்கீடு கிடையாது, பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். சரி, ஆந்திரத்திலேயே அரசு வேலை பார்க்கலாம் என்றால், 1975-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை வகுத்த 'லோக்கல்' கணக்கு குறுக்கே வரும். பத்தாம் வகுப்பு முடிய, தொடர்ந்து நான்கு ஆண்டுகள் எங்கே படித்தார் என்று பார்க்கும் கணக்கு அது. தமிழ் படிக்கட்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை ஊத்துக்கோட்டைக்கு மாற்றிய தகப்பனார், தெரியாமலே அவனை 'நான் லோக்கல்' ஆக்கியிருப்பார். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன; விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரிவிடாமல் படிப்பது நல்லது. ஆந்திர அரசு விளம்பரங்களில் மாநிலப் பாராமெடிக்கல் போர்டு ரிஜிஸ்டிரேஷனும் கேட்கப்படுவது வழக்கம்.

நல்ல படிப்பு உள்ள இடங்களும் இந்தப் பக்கத்துக்கு எட்டாத தூரத்தில் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் ஆப்பரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டெக்னாலஜியில் பி.எஸ்ஸி. உண்டு. திருப்பதியில் தேவஸ்தானம் தொடங்கிய ஸ்விம்ஸில் மயக்க மருந்து டெக்னாலஜி பட்டப்படிப்பு உண்டு. போட்டி கடுமை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த படிப்பில் பிள்ளை நிஜ ஆப்பரேஷனைப் பார்க்கிறான். மாடி வாடகைக்கு எடுத்து நடத்தும் இன்ஸ்டிட்யூட்டில் படத்தைத்தான் பார்ப்பான்.

வெளிநாடு என்றதும்...

வளைகுடா நாடுகளில் சம்பளம் நல்லதுதான். ஆனால் சான்றிதழ்களை அவர்கள் படித்த இடத்துக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள். பிறகு லைசென்ஸ் பரீட்சை. அனுபவக் கடிதத்தில் பதவிப் பெயரும் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும். 'ஹெல்பர்' என்று எழுதிக் கொடுத்த ஆர்டர் இங்கேயும் காலை வாரும். ஏஜெண்டு மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது முக்கியம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. ரசீது கட்டாயம். லட்சம், ஒன்றரை லட்சம் என்று ரசீதில்லாமல் கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு அழுதவர்கள் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனும், ஆந்திர அரசின் ஓம்கேப்பும் இதற்கென்றே இருப்பவை.

மில் கணக்கர் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஸ்டிட்யூட் கேட்கும் கட்டணம் இரண்டு லட்சம் என்றால், கையில் வரும் 10,470-ஐ ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் அசலை எடுக்கவே பத்தொன்பது மாதத்துக்கு மேல் ஆகும். பிள்ளையும் சாப்பிட வேண்டும். வட்டியும் கட்ட வேண்டும். அப்படிச் சேர்வதற்கு முன் அந்த இன்ஸ்டிட்யூட்டில் கேட்க வேண்டியவை மூன்று. எந்தப் பல்கலைக்கழகம் அல்லது போர்டு சர்டிபிகேட் தருகிறது? எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மணி நேரம் பயிற்சி? போன ஆண்டு படித்து முடித்தவர் வாங்கிய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் காட்ட முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு, "அதெல்லாம் ஆபீசில் இருக்கிறது அண்ணே, முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள்" என்று பதில் வந்தால், ஊருக்குத் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு எழுந்துவிடலாம்.