தரைப்பாலமும் தகரக் கூரையும்: மழைக்கு முன்னாடி ஒரு கணக்கு

நமக்குப் பனிப்பொழிவு கிடையாது. நம்ம குளிர்காலம்னா வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் ஓடும், புயல் வர்றதும் பெரும்பாலும் இந்த மாசங்கள்லதான். "கடலுக்கும் செந்துறைக்கும் என்ன சம்பந்தம்?"னு கேக்குறவங்க 1956 நவம்பர் 23-ஐ நினைச்சுக்கணும். நம்ம செந்துறை ஸ்டேஷன் இருக்கிற அதே ரயில் பாதையில, அரியலூரைத் தாண்டி, மருதையாற்றுப் பாலம் வெள்ளத்துல நொறுங்கி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துக்குள்ள விழுந்துச்சு. நூறு பேருக்கு மேல இறந்தாங்க. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செஞ்சார்.

ரயிலுக்கே அந்த கதின்னா, தரைப்பாலத்துல நம்ம வண்டி எம்மாத்திரம்? ஆர்க்கிமிடீஸை வெச்சே பாத்துடலாம். சின்ன காரோட அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். கார் தரைத்தட்டுக்கு மேல தண்ணி 10 செ.மீ. ஏறினா மேல்நோக்கித் தள்ளுற விசை 600 கிலோ எடைக்குச் சமம். காரோட எடையே 900 கிலோதான். அதாவது 15 செ.மீ. ஏறினா கார் மிதக்கத் தொடங்கும். கிரவுண்ட் கிளியரன்ஸையும் சேர்த்தா, ரோட்டுல முழங்காலுக்குக் கீழ நிக்கிற தண்ணி! மிதந்ததும் டயருக்குப் பிடிமானம் போயிடும், மிச்சத்தை நீரோட்டம் பாத்துக்கும்.

பைக்குக்கு வேற பிரச்சினை. ஏர் ஃபில்டர் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போனா, காத்தை அமுக்குற மாதிரி பிஸ்டனால அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். அதனால தண்ணிக்குள்ள வண்டி ஆஃப் ஆனா செல்ஃபும் அடிக்காதீங்க, கிக்கரும் மிதிக்காதீங்க. தள்ளிட்டுப் போய் மெக்கானிக்கிட்ட பிளக்கைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. ஆயில் பால் கலந்த காபி நிறத்துல இருந்தா மாத்தியே ஆகணும்.

வீட்டுக்கு வருவோம். தகரக் கூரை மேல கல்லைத் தூக்கி வைக்கிறது நம்ம ஊர் வழக்கம். காத்தோட அழுத்தம் ஏறக்குறைய 0.6 × வேகத்தோட வர்க்கம். மணிக்கு 100 கி.மீ. காத்துன்னா சதுர மீட்டருக்கு 47 கிலோ. மூணு சதுர மீட்டர் ஷீட்டைத் தூக்க 140 கிலோ அளவுக்கு விசை வரலாம். பத்து கிலோ கல்லு என்ன பண்ணும்? பறந்து போய் யார் மேலயாவது விழும், அவ்ளோதான். 2011 டிசம்பர் 30-ல கடலூர்ப் பக்கம் அடிச்ச தானே புயல் இதைவிட வேகம். வேகம் 1.4 மடங்கானா விசை ரெண்டு மடங்கு. அதனால மழைக்கு முன்னாடியே ஷீட்டை ஜே போல்ட் போட்டுச் சட்டத்தோட முடுக்கிடுங்க. காத்தடிக்கிற பக்கத்துக் கதவு ஜன்னலைச் சாத்திடுங்க. உள்ள புகுந்த காத்தும் கூரையைக் கீழேர்ந்து தள்ளும்.

கரண்ட் போறதுக்குள்ள மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பிடுங்க. டவர் படுத்துட்டா ஜிபே வேலை செய்யாது, கையில கொஞ்சம் பணம் வேணும். தாத்தா பாட்டியோட பிரஷர், சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்கு இருக்கணும். ஆதார், பட்டா, மார்க்‌ஷீட்டெல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவர்ல. தண்ணி ஏறும்போல இருந்தா மாட்டைக் கட்டியே வைக்காதீங்க, மேட்டுக்கு ஓட்டிடுங்க.

கல்லூரிக்கு லீவு விட்டதும் ஹாஸ்டல்லேர்ந்து பைக்ல கிளம்புறவங்க, முதல்ல வீட்டுக்குப் போன் போட்டு வழியில எந்த ஏரி வழியுதுன்னு கேளுங்க. உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. அறுந்து விழுந்த ஒயரைப் பாத்தா கிட்டப் போகாம மின்னகத்துக்குச் சொல்லுங்க: 94987 94987.