"இன்னும் ஒரே ஒரு தடவை!"

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையை நேயர்களில் பலர் பார்த்திருக்கலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை நோக்கி, டச்சுக்காரர்கள் எழுப்பிய செங்கற் கோட்டை அது. இவ்வூர் மஸ்லின் துணி ஒரு காலத்தில் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று.

அந்தக் கோட்டையைப் பற்றிக் கட்டுரை எழுதி வரும்படி என் வகுப்பில் சொல்லியிருந்தேன். ஒரு பையன் கட்டுரைக்குப் பதிலாகக் கைப்பேசியைக் கொண்டு வந்து நீட்டினான். அதிலே எட்டு வினாடிப் பேசும் படம்: அலைமேல் கப்பல், கரையில் துணி மூட்டைகள், தொப்பி அணிந்த துரைமார்! செயற்கை நுண்ணறிவு யந்திரத்திடம் நாலு வரி சொன்னானாம். அது படமாக்கிக் கொடுத்துவிட்டதாம். மெய்ம்மறந்து பாராட்டினேன். பிறகுதான் அவன் கண்கள் சிவந்திருப்பதைக் கவனித்தேன்.

"இரவு தூங்கினாயா?"

"இல்லை, ஸார். பாய்மரம் சரியாக வரவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிந்துவிட்டது."

கண்டிக்க வாயெடுத்தவன், முதலில் நாமே பார்த்துவிடுவோம் என்று அன்றிரவு உட்கார்ந்தேன். நள்ளிரவு கழிந்து, இலவசமாகக் கிடைத்த தடவைகள் தீர்ந்து, பணம் கட்டலாமா என்று யோசிக்கும்போதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. வயது நாற்பத்தைந்து, உத்தியோகம் உபாத்தியாயர்!

இதன் சூக்ஷுமம் என்ன? இவ்வகை யந்திரங்களில் பெரும்பாலானவை தாறுமாறான புள்ளிக் குவியலிலே தொடங்கி, அதைச் சிறிது சிறிதாகச் சீர்படுத்திச் சித்திரமாக்குகின்றன. அந்தக் குவியல் தடவைக்குத் தடவை வேறு. ஆகையால் அதே வார்த்தைகளைச் சொன்னாலும் அதே படம் வருவதில்லை. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னர், பெர்ஸ்டர் என்பவருடன் சேர்ந்து 1957-ல் வெளியிட்ட நூலிலே புறாக்களைப் பற்றிய சோதனைகள் இருக்கின்றன. இத்தனை கொத்துக்கு ஓர் இரை என்று திட்டமாகப் போட்டால், புறா தின்றபின் சற்று ஓய்கிறது. எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி போட்டாலோ, ஓயாமல் கொத்துகிறது. சூதாட்ட யந்திரத்தின் ரகசியமும் இதுவே.

படம் பார்த்தே பொழுதைப் போக்குகிறவனுக்குக் கொஞ்சம் கூச்சமாவது உண்டு. படம் செய்கிறவனுக்கு அதுவும் கிடையாது. வேலை செய்வதாகவே எண்ணுகிறான். பெற்றோரும் அப்படியே எண்ணுகிறார்கள். 2025 செப்டம்பரில் ஓப்பன் ஏஐ கம்பெனி அமெரிக்காவிலும் கனடாவிலும் வெளியிட்ட 'ஸோரா' என்ற செயலி, செய்வதையும் முடிவின்றிப் பார்ப்பதையும் ஒரே இடத்தில் சேர்த்தே வைத்தது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் 'விளையாட்டுக் கோளாறு' அமலுக்கு வந்திருக்கிறது. படம் செய்யும் மோகம் அதில் தனி நோயாக இல்லை. ஆகவே பையனை நோயாளி என்று சொல்ல நான் துணியேன்.

மறுநாள் அவனை ஒன்றே கேட்டேன்: "டச்சுக் கப்பலுக்கு எத்தனை பாய்மரம்?" விழித்தான். உண்மையில் நானும் அறியேன். எது சரி என்று தெரியாமலே இருவரும் சரியானதைத் தேடியிருக்கிறோம்! புத்தகத்தைப் புரட்டினோம். கீழ்த்திசை வாணிபக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் மூன்று பாய்மரம். அதை நோட்டில் வரைந்துகொண்டு, பகலில், மூன்று தடவைக்கு மேல் இல்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

பையன் இரண்டாவது தடவையிலேயே நிறுத்திவிட்டான். எனக்குத்தான் மூன்று போதவில்லை.