ஐஸ் இல்லாத ஊர்ல ஜில் மீன்!

"மச்சி, உங்க ஊட்டியில ஏரி உறைஞ்சுடுமா? ஐஸ்ல ஓட்டை போட்டுக் கெளுத்தி பிடிப்பீங்களா?"

டி.வி-யில அமெரிக்காக்காரர் ஒருத்தர் அப்படிப் பிடிச்சதைப் பார்த்துட்டு, மதுரைக்கார ரூம்மேட் கேட்ட கேள்வி இது. நான் எமரால்டு பக்கத்துப் பையன். விடுவேனா?

நம்மூர்ல ஜனவரியில உறைபனி கொட்டும். புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி இருக்கும். வாசல்ல வெச்ச பக்கெட் தண்ணி மேல கண்ணாடித் தாள் மாதிரி ஐஸ் பிடிக்கும். அம்மாவுக்கு அது ரசனை இல்லை, கவலை. கொழுந்து கருகிப் போச்சுன்னா அந்த வாரக் கூலி போச்சு! ஆனா, ஏரி மட்டும் உறையாது. ஏன்னு கேளுங்க.

தண்ணி 4 டிகிரியிலதான் ரொம்ப கனமா இருக்கும். மேல்தண்ணி குளிர்ந்தா கீழே இறங்கும், அடித்தண்ணி மேலே வரும். இப்படி மொத்த ஏரியும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேல்பரப்பு உறைய ஆரம்பிக்கும். ஒரு ஆள் நடக்கவே 10 சென்டிமீட்டர் கனத்துக்கு ஐஸ் வேணும். நம்மூர்ல காலை ஒன்பது மணி வெயில்லயே எல்லாம் காலி!

'அப்போ குளிர் வேஸ்ட்டா?'ன்னு கேட்காதீங்க. அந்தக் குளிரை நம்பியே ஒரு மீன் இருக்கு, ட்ரவுட். 1863-ல ஃப்ரான்சிஸ் டேங்கற டாக்டர் நீலகிரியில இதை வளர்க்கப் பார்த்தார், ம்ஹூம்! அப்புறம் ஹெச்.சி.வில்சன்ங்கறவர் மூலமா 1907-ல அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகம் வந்தது. வானவில் ட்ரவுட் இங்கே வேர் பிடிச்சது.

முட்டை எடுக்கறது குளிர் மாசங்கள்லதான். பெண் மீனோட வயித்தை மெதுவா நீவினா, ஆரஞ்சு முத்து மாதிரி முட்டை காய்ஞ்ச பாத்திரத்துல விழும். ஆண் மீனோட விந்தைக் கலந்த பிறகுதான் தண்ணி. ஏன்னா, தண்ணி பட்டா விந்தணு ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. 10 டிகிரி தண்ணியில சுமார் ஒரு மாசத்துல குஞ்சு வெளிய வரும். என் லேப் ரெக்கார்டைவிட சீக்கிரம்!

சிக்கல் எங்கன்னா, குளிர்ந்த தண்ணியிலதான் ஆக்சிஜன் நிறையக் கரையும். 10 டிகிரியில லிட்டருக்கு 11 மில்லிகிராம், 30 டிகிரியில ஏழரைதான். 20-ஐத் தாண்டினாலே ட்ரவுட்டுக்குத் திண்டாட்டம். கெளுத்தி சமாளிச்சுடும், இது சமாளிக்காது. கீழே இறங்கி பவானியில பிழைக்கவும் முடியாது. தண்ணி சூடாகிட்டே போனா இது மேலேதான் ஏறணும். ஏற்கெனவே மலை உச்சி, அதுக்கு மேல எங்கே ஏறும்?

(வந்தேறி மீன்தானே, போனா போகட்டும்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னான். சின்ன மீன்களை இது தின்னும்கறதும் நிஜம். ஆனா, ஓடைத் தண்ணி சூடாகுதுன்னா கஷ்டம் ட்ரவுட்டுக்கு மட்டுமா?)

ரூம்மேட் பொங்கல் லீவுக்கு எங்க வீட்டுக்கு வர்றான். அனுமதி இல்லாம அங்கே தூண்டில் போடக்கூடாது, காடு வேற. அதனால "தூண்டிலை விட்டுட்டு ஸ்வெட்டரை எடுத்துட்டு வாடா"ன்னு சொல்லிட்டேன். விடியக்காலை அஞ்சரைக்கு எழுப்பி, வாசல் பக்கெட்டைக் காட்டணும்.