சேர்ந்து படிப்போம், சுவைத்துப் படிப்போம்

தில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் குழந்தைகள் பலர் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் ஊரிலிருந்து பாட்டி தமிழில் நாலு வரி எழுதினால், அதை அப்பாதான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சு தங்கிவிடுகிறது, எழுத்து ஒரே தலைமுறையில் கைநழுவிப் போகிறது.

"பள்ளியில் இந்தி, ஆங்கிலம் என்று ஏற்கெனவே சுமை. தமிழும் ஒரு பாடமா?" என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. பாடமாக வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம், குடும்பமாக உட்கார்ந்து ஒரு கதை படித்தால் போதும்.

வாய்விட்டுப் படிப்பது முக்கியம். இந்தியில் 'க' வரிசைக்கு ஐந்து எழுத்துகள். தமிழில் க, ங என இரண்டே. ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறும். 'பத்து', 'பந்து' இரண்டிலும் வருவது அதே 'து', ஒலி வேறு. இந்தி பழகிய குழந்தை தடுமாறுவது இங்கேதான். அம்மா வரிமேல் விரலை ஓட்டிப் படிக்க, பக்கத்திலிருந்து கேட்கும் குழந்தைக்கு இது தானே பிடிபடும். 'வந்துட்டான்' என்று பேசும் பிள்ளைக்கு அச்சில் உள்ள 'வந்துவிட்டான்' அந்நியமாகத் தோன்றாது.

எந்தப் புத்தகம்? 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் ஒரே கதை பல இந்திய மொழிகளில் வெளிவந்திருக்கிறது. சென்னையில் 1996-ல் தொடங்கிய துலிகா பதிப்பகம் இருமொழிப் படப் புத்தகங்களும் வெளியிட்டிருக்கிறது. இந்தியில் படித்த கதையைத் தமிழில் கொடுங்கள். கதை தெரிந்திருப்பதால் எழுத்து பயமுறுத்தாது.

சில யோசனைகள்:

1. புத்தகத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே கதையைப் பத்து முறை கேட்டாலும் சலிக்காதீர்கள்.

2. பாத்திரங்களைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள். அண்ணன் சிங்கம், தங்கை முயல், தாத்தா கதை சொல்பவர்.

3. நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். முடிந்ததும் கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள்.

4. வெளிமாநிலத்திலேயே வளர்ந்து தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோரா? குழந்தையோடு நீங்களும் எழுத்துக் கூட்டுங்கள். அதைவிடக் குழந்தைக்கு உற்சாகம் வேறில்லை.

தமிழ் கட்டாயமானால் கசக்கும், கதையானால் இனிக்கும். பாட்டிக்குப் பதில் எழுதும் பேரப்பிள்ளைகள் நம் வீட்டிலும் வளர, இன்றிரவே ஒரு பக்கம் படித்துத் தொடங்குவோமே!